கேட்டதற்கெல்லாம் ஆமாங்க

அத்தியாயம் பதினான்கு

"டாக்டரம்மாவுக்கு நாக்க நீட்டிக் காட்டோணுமுங்களா? இந்த ஓட்டை வழியா நீட்டுனா அங்க தெரியுங்களா?"

மூன்று மாதத்துக்கு முன்பு, புளியம்பாளையம் தபாலாபீசில் போன் நேரம் தொடங்கிய முதல் நாளன்று மாதையன் மகள் காளியாத்தாள் கேட்ட கேள்வி இது. ஆறு வயதுக் குழந்தை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேசும் பக்கத்து ஓட்டைகளை உற்றுப் பார்த்துவிட்டு, நாக்கை நீட்டியே விட்டாள்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சேலத்தில் மறுமுனையில் இருந்த டாக்டர் அங்காளம்மாள் சிரிக்கவில்லை.

"உன் பக்கத்துல நர்சம்மா இருக்காங்கல்ல கண்ணு? அவங்க பாத்து எனக்குச் சொல்லுவாங்க. அவங்க கண்ணுதான் எனக்கும் கண்ணு" என்றார்.

சேலத்துத் தரும ஆஸ்பத்திரி ஒன்று செய்த ஏற்பாடு அது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை பத்து மணியிலிருந்து பத்தரை வரை டாக்டர் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கிராமத்து நர்ஸ் நோயாளியைப் பார்த்து, காய்ச்சலும் நாடியும் குறித்து வைத்துக்கொண்டு, ட்ரங்க் காலில் சொல்லுவாள். டாக்டர் அங்கிருந்தே வைத்தியம் சொல்லுவார். ராசிபுரம் எக்ஸ்சேஞ்சில் லைன் ஒழுங்காகக் கிடைத்தால் அரை மணியில் இரண்டு பேர் பேசலாம். தெய்வம் கண் திறந்தால் மூன்று பேர்.

இதைக் கெஞ்சிக் கூத்தாடி ஊருக்குக் கொண்டுவந்தவள் ராசாத்தி. ஊர் நர்ஸ், பெரிய பண்ணையம் செய்யும் சென்னிமலையின் மகள். "நம்ம ஊட்டுப் பொண்ணு ஊசியத் தூக்கிட்டு ஊடு ஊடாப் போறதா?" என்று இரண்டு வருடம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாத அப்பா, போன வாரம்தான் அவளுடைய சைக்கிளுக்குத் தன் கையால் காற்றடித்து வைத்தார்.  ராசாத்திக்கு அதுவே போதுமாக இருந்தது.

வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. புளியம்பாளையத்தில் இந்த மூன்று மாதம் நடந்ததைப் பார்த்து, இன்னும் நாலு ஊருக்குப் போன் நேரம் கொடுக்கலாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள்.

அதற்கு முன்னால் இந்த வியாழக்கிழமை வந்தது.

விடிவதற்குள் மேட்டுக்காட்டிலிருந்து ஆள் வந்துவிட்டான். அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ராசாத்தி பையையும் பிரஷர் பார்க்கும் பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, பத்துக்குள்ள வந்துருவேன். வரலீன்னா நீங்க போய் டாக்டர்கிட்டப் பேசுங்க. அண்ணிகூடவே இருக்கறது நீங்கதான். பாத்தத அப்படியே சொல்லுங்க."

"நானா? அத்தன ஆம்பளைங்க நிக்கற எடத்துல போன்ல பேசறதா?" என்றாள் பாப்பாயி.

"அந்தப் பக்கம் கேக்கறதும் பொம்பளதானம்மா. என்ன வெக்கம்?"

அண்ணி என்றது கண்ணாத்தாளை. ராசாத்தியின் அண்ணன் மணியனின் மனைவி. கல்யாணமாகி நாலாம் வருடத்தில், கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு தங்கிய கரு. இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது. மணியன் போர் போடும் ரிக் வண்டியோடு ராய்ச்சூர்ப் பக்கம் போய் ஐம்பது நாளாகிறது. செவ்வாய்க்கிழமை பார்த்தபோது கண்ணாத்தாளின் கால் வீங்கியிருந்தது, பிரஷரும் சற்றுக் கூடியிருந்தது. அதனால்தான் வியாழக்கிழமை முதல் பேச்சு அவளைப் பற்றி என்று ராசாத்தி எழுதி வைத்திருந்தாள்.

மகள் போன சிறிது நேரத்தில் கண்ணாத்தாள் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, தலை வெடிச்சுப்போற மாதிரி வலிக்குதுங்க. அடுப்புல நெருப்பு ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க."

பாப்பாயி அவளைப் படுக்க வைத்தாள். முகம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது. காலையில் குடித்த வெந்நீர்கூடத் தங்காமல் வெளியே வந்துவிட்டது. ஒன்பதரை மணிக்கும் ராசாத்தி வரவில்லை. பக்கத்து வீட்டு மாரக்காளைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, பாப்பாயி நாமகிரித் தாயை வேண்டிக்கொண்டே தபாலாபீசுக்குக் கிளம்பினாள்.

"இரு புள்ள, நானும் வாரேன்" என்று சென்னிமலை தலையில் உருமாலைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தபாலாபீசில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தபால்காரர் சின்னுசாமி, எக்ஸ்சேஞ்சோடு கத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சின்னுசாமி, நீங்க போடற சத்தத்துக்குப் போனே வேண்டியதில்லீங்க. வாசல்ல நின்னு கூப்பிட்டாச் சேலத்துல கேக்கும்" என்றான் சுவரோரம் உட்கார்ந்திருந்த மாதையன். கூலி வேலைக்குப் போகிறவன். அவன் தோளில் காளியாத்தாள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. இரண்டாவது பேச்சு அவளுக்காக. ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"கேக்கும் கேக்கும். உன்ற காதுலயே மொதல்ல கேக்குதே" என்ற சின்னுசாமி, சட்டென்று கையை உயர்த்தினார். "லைன் வந்தாச்சு! ஆருங்க பேசறது?"

பாப்பாயி ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் சென்னிமலை கையை நீட்டி ரிசீவரை வாங்கிவிட்டார். அதில் யாருக்கும் அதிசயமில்லை. வீட்டுப் பெரியவர் நிற்கும்போது பெண்பிள்ளை பேசுவது எந்த ஊர் வழக்கம்? பாப்பாயியும் பழக்கத்தில் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருமகள் மாமனார் எதிரில் நின்று பேசுவது அந்தப் பக்கத்து வழக்கமில்லை. அவர் நடைக்குள் நுழைந்தால் கண்ணாத்தாள் கதவோரம் ஒதுங்கிவிடுவாள். அவரும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். நாலு வருடத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய வளையல் சத்தமும், தட்டில் விழும் களியின் பக்குவமும்தான். அவள் முகத்தை அவர் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை.

"யார் பேசறது? ராசாத்தி இல்லையா?" என்றார் டாக்டர்.

"ராசாத்தி அப்பன் பேசறனுங்க. நல்லா இருக்கீங்ளாம்மா?"

"இருக்கேங்க. உங்க மருமகளைப் பத்தித்தானே? கால் வீக்கம்னு சொன்னாங்க. இப்ப வத்தியிருக்கா?"

வீக்கம் இருந்ததே சென்னிமலைக்குத் தெரியாது. தெரியாது என்று எப்படிச் சொல்வது? சொந்த வீட்டு விஷயம் தெரியாதவர் என்று ஊர் நினைக்காதா? அதோடு, படித்த அம்மாள் கேட்கிறார். இல்லை என்று எதிர்த்துச் சொல்லலாமா?

"ஆமாங்க."

"தலைவலி எதுவும் இல்லையே?"

"ஆமாங்க. ஒண்ணுமில்லீங்க."

பாப்பாயி அவர் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, தலவலி உசுரு போகுதுங்குறா. கண்ணு மங்குதுன்னு சொல்லுங்க."

பெரியவர் ஈயை ஓட்டுவது போலப் பின்பக்கம் கையை வீசினார். டாக்டர் பேசும்போது குறுக்கே பேசுகிறாளே!

"கண் பார்வையெல்லாம் தெளிவா இருக்குல்ல?"

"ஆமாங்க."

"சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா?"

"ஆமாங்கம்மா. அல்லாம் உங்க புண்ணியம்."

"சரிங்க. உப்பைக் குறைச்சு, படுத்து ஓய்வெடுக்கட்டும். சனிக்கிழமை ராசாத்தி பிரஷர் பாத்துச் சொல்லட்டும். பயப்பட ஒண்ணுமில்லை."

மூன்று நிமிடம் ஆயிற்று என்று ராசிபுரத்துக் குரல் குறுக்கிட்டது. சென்னிமலை ரிசீவரைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்றார் எல்லோரும் கேட்கும்படி.

"நாஞ் சொன்னத நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றாள் பாப்பாயி, அழுகை முட்ட.

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்? அவுங்களே கேட்டாங்க, அவுங்களே சொல்லிப்போட்டாங்க. போ, போய்ப் படுக்கச் சொல்லு."

அவர் பொய் சொல்ல நினைத்தவர் அல்ல. அன்று காலை அவர் சொன்ன ஒவ்வொரு ஆமாங்கவும் அவர் வரையில் ஒரு கும்பிடு. கேட்கிறவர் கண்ணில்லாமல் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சின்னுசாமி அடுத்த லைனுக்குச் சொல்லிவைத்தார். பத்து நிமிடம் ஆயிற்று. மணி பத்து இருபது. போன் அடித்தது.

"மாதையா, உனக்குத்தான். வா வா" என்றார்.

மாதையன் தூங்கும் குழந்தையை ஒரு தோளில் மாற்றிக்கொண்டு ரிசீவரை வாங்கினான். அதே நேரம் வாசலில் சைக்கிள் ஒன்று தடாலென்று விழுந்தது. ராசாத்தி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. வரும் வழியில் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்பா, டாக்டர்கிட்டப் பேசுனீங்களாமே. என்ன கேட்டாங்க? என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்கெல்லாம் ஆமாங்கன்னேன்" என்றார் சென்னிமலை, கொஞ்சம் பெருமையோடு. "சனிக்கிழமை பாத்துக்கலாம்னுட்டாங்க."

ராசாத்தி ஒரு நொடி அப்பாவையே பார்த்தாள்.

"அப்பா, அண்ணிக்குப் பிரஷர் நூத்தி எம்பது. அவுங்களுக்கு என்னைய அடையாளந் தெரியலே. பேச்சை வெச்சுத்தான் ஆருன்னு கண்டுபுடிக்குது. இன்னைக்கே வலிப்பு வந்துரும். வந்தா ரெண்டு உசுரு."



சுகாதார நிலையத்துப் பீரோவில் ஒரு சின்ன மருந்துப் பெட்டி உண்டு. வலிப்பை அடக்கும் ஊசி மருந்து அதில்தான் இருக்கிறது. டாக்டர் வார்த்தை இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரிக் கண்டிப்பு. எவ்வளவு போடுவது என்பதும் அவர் சொன்னால்தான் தெரியும். ஊசி போடாமல் சேலத்துக்கு நாற்பது கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டு போனால் வழியிலேயே முடிந்துவிடும். பத்தரைக்கு டாக்டர் ஆபரேஷனுக்குப் போய்விட்டால், இரண்டு மணி வரையில் அவரைப் பிடிக்க முடியாது. புதிதாக லைன் கேட்டால் எப்போது கிடைக்குமோ!

ராசாத்தியின் கண் மாதையன் கையில் இருந்த ரிசீவருக்குப் போனது. கேட்க வாய் வரவில்லை. அவன் தோளில் கிடந்த குழந்தையின் நெற்றி கொதிப்பது அவளுக்குத் தெரியும்.

மாதையன் ரிசீவரை அவள் கையில் வைத்தான்.

"மாதையண்ணா, காளியாத்தாளுக்கு..."

"அவளுக்குச் சனிக்கிழமை இருக்குதுங்க நர்சம்மா. அவுங்களுக்கு இல்லீங்களே. பேசுங்க."

ராசாத்தி பேசினாள். பிரஷர், நாடி, வீக்கம், தலைவலி, கண், வாந்தி. ஒவ்வொன்றாக, எண்ணோடு, நேரத்தோடு. டாக்டர் குறுக்கிட்டார்.

"பத்து நிமிஷம் முன்னாடி ஒருத்தர் எல்லாம் நல்லா இருக்குன்னாரே?"

"அது எங்கப்பாங்க டாக்டர்."

"சரி. அதை அப்புறம் பாக்கலாம். பெட்டியைத் திற. சொல்றதை எழுதிக்க." டாக்டர் அளவைச் சொன்னார். "இடப்பக்கம் சாய்ச்சுப் படுக்க வை. வெளிச்சம் படக் கூடாது, சத்தம் கூடாது. ஒரு கரண்டிக் காம்புல துணி சுத்திக் கையில வெச்சுக்க. முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே. நான் தியேட்டரைத் தயாரா வெக்கறேன். வா."

லைன் அறுந்தது. மணி பத்து இருபத்தெட்டு.

அவள் திரும்பிப் பார்த்தபோது மாதையனைக் காணோம். குழந்தையைத் தோளில் போட்டபடியே பால் சொசைட்டிக்கு ஓடியிருந்தான். ராசாத்தி மருந்துப் பெட்டியோடு வீட்டுக்குப் போய் அண்ணிக்கு ஊசி போட்டு முடிக்கவும், கால் மணி நேரத்தில் பால் வேன் வீட்டு வாசலுக்கு வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்லிக்கொண்டே வந்தவன், இறங்கிக் கேனையெல்லாம் கீழே தள்ளி, கட்டில் மெத்தையைத் தூக்கி உள்ளே விரித்தும் கொடுத்தான்.

வேனின் பின்பக்கம் கண்ணாத்தாள் படுத்தது போக இரண்டு பேருக்குத்தான் இடம். பாப்பாயி ஏறப்போனாள்.

"அம்மா, நீங்க அண்ணனுக்குத் தந்தி கொடுத்துட்டு, துணிமணி எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ல வாங்க. அங்க கையெழுத்துப் போட ஆம்பள வேணும்" என்றாள் ராசாத்தி. "அப்பா, நீங்க ஏறுங்க."

சென்னிமலை முன் சீட்டுக்குப் போனார்.

"அங்க இல்லப்பா. பொறகால வாங்க. அண்ணி தலைமாட்டுல."

"நானா சாமி?"

"நீங்கதான். நா நாடியப் புடிச்சுக்கிட்டு, வயித்தையும் பாக்கோணும். மூஞ்சியப் பாக்க ஆளில்ல. கண்ணு, ஒதடு, எது அசைஞ்சாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் ஏறி உட்கார்ந்தார். உருமாலை அவிழ்த்து ஜன்னலில் கட்டி வெயிலை மறைத்தார். பிறகு பார்த்தார். உப்பிய கன்னம், வெளுத்த உதடு, நெற்றியில் பாதி அழிந்த குங்குமம். இத்தனை சின்னப் பெண்ணா என்று அவருக்குத் தோன்றியது.

"ஆருங்க, அத்தைங்களா?" என்றாள் கண்ணாத்தாள், கண்ணைத் திறந்தபடியே.

"நாந்தான் சாமி, மாமன்" என்றார். 

அவள் எழுந்து ஒதுங்கப் பார்த்தாள். உடம்பு வரவில்லை.

"படு சாமி. படு. ஒண்ணுஞ் செய்யாது."

ராசிபுரம் தாண்டியது. ராசாத்தி இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டாள். "எப்படி இருக்குதுங்கப்பா?"

"எனக்குத் தெரியலே சாமி" என்றார் முதலில். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து ராசாத்தி கேட்டதே கிடையாது. பிறகு, "கண்ணு மேல சொருவற மாதிரி இருக்குது. இப்பச் செரியாயிருச்சு" என்றார். பிறகு, "தூங்கறா. மூச்சு சீரா இருக்குது."

ஒரு பாலம் ஏறி இறங்கியது. "சாமி! ஒதடு துடிக்குது. எடப்பக்கம்!"

ராசாத்தி கரண்டிக் காம்பைப் பல்லுக்கு நடுவில் கொடுப்பதற்கும் வலிப்பு வருவதற்கும் சரியாக இருந்தது. கண்ணாத்தாளின் தலை வேன் தகரத்தில் மோதாமல் சென்னிமலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் கும்பிடாத தெய்வம் இல்லை. மெல்ல அடங்கியது.

"நீங்க சொல்லலீன்னா நாக்கக் கடிச்சிருக்கும்" என்றாள் ராசாத்தி. 

ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் அங்காளம்மாள் நின்றிருந்தார். உள்ளே கொண்டுபோனார்கள். பாப்பாயி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார்.

"பிரஷர் இறங்கியிருக்கு. குழந்தையோட இதயத் துடிப்பு கேக்குது. ஆனா இன்னும் ரெண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது. மறுபடி வலிப்பு வந்தா உடனே குழந்தையை எடுத்துடணும்." பிறகு சென்னிமலையைப் பார்த்தார். "காலைல போன்ல பேசினது நீங்களா?"

"நாந்தானுங்க" என்று அவர் எழுந்து நின்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கம்மா. தெரியாமயே ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் கேட்டதும் சரியில்லைங்க" என்றார் அவர். "நல்லா இருக்கில்லன்னு கேட்டா, யாருதான் இல்லைன்னு சொல்லுவாங்க? உட்காருங்க. காலைலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அந்த ஒரு விசாரிப்பில் பெரியவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

ராசாத்தி பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்து நீட்டினாள். காளியாத்தாளின் ஒன்பது நாள் காய்ச்சல் கணக்கு. டாக்டர் படித்துப் பார்த்தார். "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் கூடினா நாளைக்கே அனுப்பச் சொல்லு. இல்லேன்னா சனிக்கிழமை முதல் பேச்சு இவளோடது."

மாதையனிடம் அதைச் சொல்லும்படி ராசாத்தி ஆஸ்பத்திரிப் போனிலேயே சின்னுசாமிக்குத் தகவல் சொன்னாள். பிறகு டாக்டர் தன் மேஜையிலிருந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

"இதையும் நீ எழுதித் தரணும் ராசாத்தி. போன்ல ஏதாவது தப்பு நடந்தா, என்ன நடந்தது, யார் பேசினாங்கன்னு திங்கட்கிழமைக்குள்ள கமிட்டிக்குப் போகணும். போன் வைத்தியமே உயிரோட விளையாட்டுன்னு சொல்றவங்க ரெண்டு பேர் அங்க இருக்காங்க."

அவர் போய்விட்டார். ராசாத்தி தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளதை எழுதினால் நாலு ஊர் ஜனங்களுக்குப் போன் இல்லாமல் போகலாம். அப்பாவின் பெயர் கமிட்டி மேஜையில் கிடக்கும். எழுதாவிட்டால், பாத்தத அப்படியே சொல்லுங்க என்று காலையில் அம்மாவிடம் சொன்ன வாய் எது?

"எம் பேரையே எழுது சாமி" என்றார் சென்னிமலை மெதுவாக.

அவள் பேனாவைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் ஆள் வேண்டும். நாலரை மணிப் பஸ்ஸில் சென்னிமலையை ஊருக்கு அனுப்பினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் இறங்கி வண்டித்தடத்தில் நடந்தார். வழியில்தான் மாதையனுடைய காடு. கால் ஏக்கர். சென்னிமலையும் இன்னொரு பங்காளியும் அவனும் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். மழையில்லாத வருடம். கிணற்றில் ஊறுவதே கொஞ்சம். பெரிய பங்குக்காரர்களுக்குப் போக, மாதையனுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் முறை.

ராகி பால் பிடிக்கும் பருவம். தாள் சுருண்டு, கதிர் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மடையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

சென்னிமலை நின்றார். இன்றைக்கு வியாழக்கிழமை. மாதையன் முறை. இன்று கரண்டு முறை பத்தரையிலிருந்து பதினொன்றேகால் வரைதான். தன் பேச்சை முடித்துக்கொண்டு நேரே மோட்டார் போட வரலாம் என்று நினைத்திருப்பான். அந்த நேரத்தில் அவன் வேனுக்கு ஓடிக்கொண்டிருந்தான், மெத்தை தூக்கிக்கொண்டிருந்தான், காய்ச்சல் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் எட்டு நாள் இந்த ராகி தாங்காது.

மாதையன் வீட்டில் விளக்கு எரிந்தது. கூப்பிட்டுப் பேசலாமா என்று நினைத்தார். கூப்பிட்டால் அவன் கும்பிட்டுக்கொண்டு எழுந்து வருவான். "போச்சாதுங்க, விடுங்க" என்பான். சென்னிமலை பேசாமல் நடந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் முறை. காலை ஐந்தரைக்குக் கரண்டு. கிழக்கு வெளுக்கும்போது மண்வெட்டியோடு கிணற்று மேட்டில் நின்றார். சுற்றிலும் ஒரு ஜீவன் இல்லை. மோட்டாரைப் போட்டார். தண்ணீர் தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் இறங்கியது. தன் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போகும் வாயை மண் வெட்டிப் போட்டு மிதித்து அடைத்தார். மாதையன் மடையைத் திறந்துவிட்டார்.

பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்ந்தது. வெடித்த மண் சத்தம் போட்டுக் குடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசிப் பாத்தி நிறையும் வரை அவரே மடை மாற்றினார். கரண்டு போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மோட்டாரை நிறுத்தவில்லை. முதல் பாத்தியிலிருந்து இன்னொரு தடவை விட்டார்.

பிறகு மடையை அடைத்தார். சேற்றில் பதிந்திருந்த தன் பெரிய பாதத் தடங்களை மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தடவி விட்டுக்கொண்டே வரப்பேறி, சேலம் பஸ்ஸுக்கு நடந்தார்.